பல்பு எரியாத மின்சாரப் பாடம்

தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளிகளில் மின்சாரப் பாடம் நடக்கும் விதத்தைப் பற்றி இப்போதாவது பேசியாக வேண்டும். ஆறாம் வகுப்பில் மின்சுற்று, ஏழாம் வகுப்பில் மின்னோட்டம், எட்டாம் வகுப்பில் நிலைமின்னூட்டம், மின்னல், எர்த் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இந்தப் பாடம் வருகிறது. புத்தகத்தின்மீது பெரிய குறை சொல்வதற்கில்லை. சீப்பைத் தேய்த்துப் பார், மின்கலத்தை இணைத்துப் பார், பல்பை எரியவைத்துப் பார் என்று கட்டம் கட்டிச் 'செயல்பாடு' கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதைச் செய்துபார்க்க ஒரு துண்டு வயர்கூடக் கைக்கு வராமலே எட்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் ஏராளம். நமது புகார் இதுதான்.

வகுப்பில் என்ன நடக்கிறது? செயல்பாடு வாசிக்கப்படுகிறது. மின்சுற்றின் படம் கரும்பலகையில் ஏறுகிறது. நீளக் கோடு நேர்முனை, குட்டைக் கோடு எதிர்முனை என்று பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொள்கிறார்கள். 'மின்கடத்தி என்றால் என்ன? இரண்டு எடுத்துக்காட்டு தருக' என்று தேர்வில் கேட்டால் செம்பு, அலுமினியம் என்று பிசகாமல் எழுதுகிறார்கள். மார்க்கும் வந்துவிடுகிறது. பல்புதான் எரிவதில்லை.

ஒரு பேட்டரி, ஒரு வயர்

அண்மையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு டார்ச் பேட்டரி, ஒரு பழைய டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு வயர் மூன்றையும் கொடுத்து எரியவைக்கச் சொன்னேன். அந்தப் பாடத்தை முடித்து, தேர்வும் எழுதிவிட்ட பிள்ளைகள் அவர்கள். முதல் ஆள் பல்பின் அடிப்பாகத்தை பேட்டரியின் தலையில் வைத்து, வயரை அதன் அடியில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வயரின் மறுமுனை காற்றில் தொங்கியது. அடுத்தவன் வயரைப் பல்பின் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தான். இன்னொருத்தி பேட்டரி தீர்ந்துபோய்விட்டது என்றாள். சுற்றிலும் ஏழெட்டுத் தலைகள் குனிந்திருந்தன. கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒரு சிறுமி, வயரின் மறுமுனையைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தற்செயலாக அழுத்தினாள். மஞ்சளாக, மங்கலாக எரிந்தது. "சைடுலயும் தொடணும்டி! அடியில மட்டும் வச்சா வராது!" என்று பக்கத்துப் பிள்ளைக்கு அவள் சொல்லிக்கொடுத்த வேகத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல்புக்கு இரண்டு முனை உண்டு, மின்னோட்டம் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறிப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும் என்ற பாடம் அந்த ஒரு நிமிடத்தில் பதிந்துவிட்டது. அதற்கு முன் பல வாரம் எழுதிய நோட்டு அதைச் செய்யவில்லை.

இதை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தார் தயாரித்து 1997-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் எம்.ஐ.டி. மாணவர்களிடம் இதே பேட்டரி, பல்பு, வயரைக் கொடுக்கிறார்கள். உலகின் தலைசிறந்த பொறியியல் நிறுவனத்தில் படித்தவர்களிலேயே பலர் திணறுகிறார்கள். கையால் செய்யாமல் படித்த மின்சாரம் எந்த ஊரிலும் இப்படித்தான் நிற்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட பாடம்

'ஒரு செயல்பாடு விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும்' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் சாகிறார்கள். மின்னல் தாக்கி 2022-இல் மட்டும் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியானவர்கள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயப்படும் நாம் மின்னலுக்கு அவ்வளவு பயப்படுவதில்லை. இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிவிட்டு மரத்தடியில் ஒதுங்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நாற்று நடும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் மின்விபத்து எங்கே நடக்கிறது என்று பாருங்கள். துணி காயப்போடும் கொடிக்கம்பி, ஈரக் கையோடு போடும் மோட்டார் சுவிட்ச், மழைத் தண்ணீரில் நிற்கும் தெருவிளக்குக் கம்பம், அறுந்து கிடக்கும் கம்பி, திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பள்ளிப் பாடம் ஒன்றே இந்தச் சாவுகளை நிறுத்திவிடாது. ஆனால் மின்சாரம் சுற்றி வர ஒரு பாதை தேடும், ஈர உடம்பும் தரையும் சேர்ந்தால் அந்தப் பாதை கிடைத்துவிடும் என்பதைக் கையால் உணர்ந்த பிள்ளை, கொடிக்கம்பியை மின்கம்பத்தில் கட்டும் அப்பாவைத் தடுக்கும். 'ஷாக் அடிக்கும், தொடாதே' என்ற மிரட்டலால் வரும் பயத்தைவிட, ஏன் அடிக்கிறது என்று தெரிந்த எச்சரிக்கை ஆயுளுக்கும் நிற்கும்.

நிலைமின்னூட்டமும் மின்னோட்டமும் ஒப்பிட்டுக் கற்பிக்கப்பட வேண்டியதன் காரணமும் இதுதான். பிளாஸ்டிக் ஸ்கேலைத் துணியில் தேய்த்தால் அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏறிவிடும். வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட். ஆயிரக்கணக்கான வோல்ட் காகிதத் துணுக்கைத்தான் இழுக்கிறது. 230 வோல்ட் ஆளைக் கொல்கிறது. ஏன்? ஸ்கேலில் தேங்கிய மின்னூட்டம் மிகமிகக் கொஞ்சம். கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். பிளக்குக்குப் பின்னால் மின்நிலையம் இருக்கிறது. தொட்ட கை விடுபடும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். உடம்பு வழியாக 30 மில்லிஆம்பியர் அளவு ஓடினாலே உயிருக்கு ஆபத்து. மேகத்தில் நடப்பது ஸ்கேலில் நடந்த அதே மின்னேற்றம்தான், அளவுதான் வேறு. சராசரி மின்னல் ஒன்றில் 30,000 ஆம்பியர் அளவுக்குப் பாய்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிள்ளை யோசித்துவிட்டால், வோல்ட்டும் ஆம்பியரும் வேறு வேறு என்பது புரிந்துவிடும். இடிதாங்கி எதற்கு, மெயின் போர்டில் எர்த் கம்பி எதற்கு, பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரியை எர்த் செய்த பிறகே எண்ணெய் இறக்குவது எதற்கு என்பதெல்லாம் வரிசையாக விளங்கும்.

எண்ணெய்த் தலையும் ஈரக் காற்றும்

வகுப்பில் சோதனை நடக்காததற்குப் பொருள் இல்லாதது பாதிக் காரணம். பொருள் இருந்தும் சோதனை தோற்றுப்போவது மீதிக் காரணம். இதை யாரும் கவனிப்பதில்லை.

சீப்பால் தலைவாரிக் காகிதத் துணுக்கை இழுத்துக் காட்டச் சொல்கிறது பாடம். நம் பிள்ளைகள் காலையில் தேங்காயெண்ணெய் தடவி, படிய வாரிக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். எண்ணெய்த் தலையில் சீப்பு மின்னேற்றம் பெறாது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் காகிதம் ஒட்டாது. பாடம் வரும் மாதமும் சரியில்லை. ஆறு, ஏழாம் வகுப்புகளில் மின்சாரப் பாடம் இரண்டாம் பருவத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எட்டாம் வகுப்பிலும் பல பள்ளிகளில் நிலைமின்னூட்டம் அரையாண்டை ஒட்டித்தான் வருகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தேய்த்த பொருளின் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நவம்பர் மாதம் இந்தச் சோதனை ஓடாது. ஆசிரியர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, 'ஒட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்' என்று நகர்ந்துவிடுகிறார். பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? கண்ணால் பார்த்தது ஒன்று, நோட்டில் எழுதுவது வேறு, எழுதியதற்குத்தான் மார்க். அறிவியலுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

இதற்கு வழி எளிது. எலக்ட்ரீஷியன்கள் வெட்டிப்போடும் பி.வி.சி. பைப் துண்டையும் பழைய பாலியெஸ்டர் துணியையும் கால் மணி நேரம் வெயிலில் காயவைத்துத் தேய்த்தால் துணுக்குகள் துள்ளி ஒட்டும். குழாயைத் திறந்து நூல்போலத் தண்ணீரை விட்டு, தேய்த்த பைப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் நீர்த்தாரை வளையும். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். கண்ணாடிப் பாட்டில், அட்டை மூடி, செம்புக் கம்பி, அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு கீற்று இருந்தால் மின்னூட்டம் காட்டும் கருவி தயார். நிலைமின்னூட்டப் பாடத்தை மட்டும் ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தால் காற்றும் ஒத்துழைக்கும்.

மின்னோட்டப் பாடத்திலும் இப்படி ஒரு முள் இருக்கிறது. படத்தில் இருப்பது இழை பல்பு. கடைக்குப் போனால் டார்ச் பல்பு கிடைப்பது அரிது, எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது. ஆர்வமுள்ள ஆசிரியர் சொந்தக் காசில் எல்.இ.டி. வாங்கி வந்து ஒரு பேட்டரியில் இணைக்கிறார். எரியவில்லை. சிவப்பு எல்.இ.டி.க்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரி தருவது 1.5 வோல்ட். இரண்டு பேட்டரியை வரிசையாகப் போட்டு, ஒரு சின்ன மின்தடையைச் சேர்த்து, நீளமான காலை நேர்முனைப் பக்கம் இணைக்க வேண்டும். கால் மாறினால் எரியாது. இந்த நான்கு வரிக் குறிப்பு ஆசிரியர் கைக்குப் போயிருந்தால் எத்தனையோ வகுப்புகள் தப்பித்திருக்கும். எரியாத எல்.இ.டி.யே நல்ல பாடமாகவும் ஆகியிருக்கும்.

பீரோவுக்குள் இருக்கும் அறிவியல்

சில பள்ளிகளில் அறிவியல் பெட்டி இருக்கிறது. தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தாலும் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயம் பெட்டியைத் திறக்கவிடுவதில்லை. பேட்டரி தீர்ந்தால் மறுபடி வாங்க எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரிவதில்லை. பல நடுநிலைப் பள்ளிகளில் தனி ஆய்வகம் கிடையாது. அறிவியலுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே பட்டதாரி ஆசிரியர். மூன்று வகுப்பையும் அவரே பார்க்க வேண்டும். இடையில் எமிஸ் இணையதளப் பதிவு, கணக்கெடுப்பு, பயிற்சி என்று அலைய வேண்டும். ஆசிரியரைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்குப் பொருளும் நேரமும் துணையும் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்றல் கற்பித்தல் உபகரணம் தரப்பட வேண்டும் என்கிறது. இது சலுகையல்ல, சட்டம். செலவும் பெரிதல்ல. இரண்டு பேட்டரி, ஹோல்டர், எல்.இ.டி., மின்தடை, ஒரு சிறு சுவிட்ச், நாலு முழம் வயர் எல்லாம் சேர்ந்து கடை விலையில் நூறு ரூபாய்க்குள் அடங்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நால்வருக்கு ஒரு செட் என்றால் பத்து செட், ஆயிரம் ரூபாய். பேட்டரி தவிர மற்றவை பல ஆண்டுகளுக்கு வரும். 101 முதல் 250 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அந்த நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்த தகராறு 2024 முதல் நாடறிந்தது. டெல்லியோடு சண்டை தீரும்வரை காத்திருக்க வேண்டிய தொகை அல்ல இந்த ஆயிரம் ரூபாய். மாநில அரசே கொடுத்துவிட்டுப் போகலாம்.

வழி ஏற்கெனவே போட்டாயிற்று

நல்ல முயற்சி நடக்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயமல்ல. 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டுவந்து காட்டுகிறது. மனதார வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் தொடக்கத்தில் அறிவித்த கணக்கைப் பார்த்தால் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் 710 பேர். ஆளுக்குச் சராசரியாகப் பதினெட்டுப் பள்ளி. வந்து செய்து காட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகத்தான் அவருக்கு நேரம் இருக்கும். பார்த்த சோதனைக்கும் செய்த சோதனைக்கும் உள்ள இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது.

மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பிக் காட்டியது. கிராமத்துப் பள்ளிகள்தான். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து மலிவுப் பொருளில் தாங்களே சோதனை செய்தார்கள். தேர்வையும் மாற்றினார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்குத் தனியாக மார்க். 2002-இல் அரசு அதை மூடிவிட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகள் அது நடந்தது, ஓர் ஏழை மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தத் திட்டத்தில் ஊக்கம் பெற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 'துளிர்' இதழும் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகின்றன. ஆட்கள் இருக்கிறார்கள், அனுபவம் இருக்கிறது. அதை அன்றாட வகுப்புக்குள் கொண்டுவர உத்தரவுதான் வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். லண்டனில் புத்தகம் தைக்கும் கடையில் பயிற்சிப் பையனாக இருந்தபோது, தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, பழைய பாட்டிலையும் மரத்துண்டையும் வைத்து நிலைமின்னூட்டக் கருவி செய்து பார்த்தார். அவரே 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்று நம் வீட்டுக்கு வரும் கரண்டைத் தயாரிக்கும் ஜெனரேட்டர் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. கொத்தனார் வீட்டு, கூலி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பழைய பாட்டிலும் வயரும் கிடைக்கவில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

பள்ளிக்கல்வித் துறையிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: இரண்டாம் பருவம் தொடங்கும் முன், ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு செட் வீதம் பேட்டரி, எல்.இ.டி., வயர் போய்ச் சேர வேண்டும். பேட்டரியைத் தேயும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதிக்க வேண்டும். உடைந்ததற்கும் தீர்ந்ததற்கும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

இரண்டு: நிலைமின்னூட்டப் பாடத்தை மழைக்காலத்திலிருந்து எடுத்து மூன்றாம் பருவக் காலத்தில் நடத்த வேண்டும். எல்.இ.டி. இணைப்பு, பி.வி.சி. பைப் சோதனை, இடி மின்னல் நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பவை அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை ஆசிரியர்களுக்குத் தர வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களே அவற்றைச் செய்துபார்க்க வேண்டும்.

மூன்று: வளரறி மதிப்பீட்டுக்கு ஏற்கெனவே உள்ள 40 மார்க்கில் 10 மார்க்கைச் செய்முறைக்கு ஒதுக்க வேண்டும். 'இந்தப் பொருட்களை வைத்து விளக்கை எரியவை' என்பதே கேள்வியாக இருக்கட்டும். மார்க் இருந்தால்தான் பீரோ திறக்கும்.

நான்கு: பாடம் சொல்லித்தரும் கட்டடமே பாதுகாப்பாக இருக்க வேண்டும். உடைந்த சுவிட்ச் போர்டு, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் மோட்டார் சுவிட்ச், விளையாட்டுத் திடலுக்கு மேலே தொங்கும் கம்பி ஆகியவற்றை மழைக்கு முன் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு பள்ளி மெயின் போர்டிலும் இருக்க வேண்டும். சோதிக்க வரும் வயர்மேன் பத்து நிமிடம் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து ஃபியூஸையும் எர்த்தையும் காட்டிவிட்டுப் போகட்டும். வீட்டு பிளக்கில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது, பேட்டரியில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை நீங்கள்தான். அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளை தன் கையால் பல்பை எரியவைத்ததா? பள்ளி மெயின் போர்டைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்? பதில் இல்லையென்றால் தீர்மானம் போடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் அதையே வையுங்கள். கம்பி தொங்கினாலோ கம்பத்தில் ஷாக் அடித்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் உடனே சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பைத் தாண்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது தன் கையால் மின்சுற்றை மூடி விளக்கை எரியவைத்திருக்க வேண்டும். தலைக்கு இருபத்தைந்து ரூபாயில் முடிகிற காரியம் இது. இந்தக் கல்வியாண்டிலேயே அதற்கான அரசாணை வர வேண்டும்.